குடும்பத்தில் மனநோய் உண்டு: பிள்ளை பெறலாமா, ஒன்றோடு நிறுத்தலாமா, தத்தெடுக்கலாமா?

மூன்று விதமான கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கணவருக்கு பைபோலார் (அளவுமீறிய உற்சாகமும் டிப்ரெஷனும் மாறி மாறி வரும் நோய்), மாத்திரையில் நன்றாகத்தான் இருக்கிறார், குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்கிறார். அம்மாவுக்கு ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்), எனக்கு ஒன்றுமில்லை, ஆனாலும் என் பிள்ளைக்கு வந்துவிடுமோ என்று இன்னொருவர். முதல் பிரசவத்துக்குப் பிறகு மனம் தடுமாறி ஆஸ்பத்திரியில் இருந்தேன், இப்போது வீட்டில் இரண்டாவது கேட்கிறார்கள் என்று மற்றொருவர்.

எங்கள் வீட்டிலும் இது பேசித் தீர்த்த விஷயம்தான். என் அக்காவுக்கு பைபோலார். அவளுடைய இரண்டு பிரசவத்துக்கும் கூட இருந்தவள் நான். அதில் பார்த்ததையும், பிறகு படித்தும் டாக்டர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

## எதையெல்லாம் வைத்து எடை போடுவது

எல்லோரும் முதலில் கேட்பது, "குழந்தைக்கு வருமா?" நியாயமான கேள்வி. ஆனால் அதற்குக் கிடைக்கும் பதில் ஒரு சதவீதம் மட்டும்தான். அதை நம்மால் மாற்ற முடியாது. குடும்பம் நிற்பதும் குலைவதும் பெரும்பாலும் வேறு கேள்விகளில் இருக்கிறது:

- கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் நோய் திரும்பும் வாய்ப்பு எவ்வளவு?
- இப்போது சாப்பிடும் மாத்திரை கருவுக்குப் பாதுகாப்பானதா, மாற்ற முடியுமா?
- ராத்திரி குழந்தை அழுதால் எழுந்திருக்க எத்தனை பேர் இருக்கிறார்கள்?
- நோய் இருப்பது இரண்டு வீட்டுக்கும் தெரியுமா, மறைத்து வைத்திருக்கிறதா?
- முடிவு யாருடையது?

இதில் மூன்றாவது கேள்விக்கு நான் அதிக எடை கொடுக்கிறேன். பைபோலார் உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவது நோயைக் கிளப்பிவிடும் பெரிய காரணங்களில் ஒன்று. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் முதலில் கெடுவதும் தூக்கம்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் குழந்தை எந்த மனநோய்க்கும் மருந்தல்ல. அந்தக் காரணத்துக்காகப் பெறுவதாக இருந்தால் இப்போதைக்கு வேண்டாம்.

## குழந்தைக்கு வரும் வாய்ப்பு

டென்மார்க்கில் 27 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2010-ல் வெளியானது. 52 வயதுக்குள் அந்த நோய்க்காக மனநல சிகிச்சையில் சேர்க்கப்பட்டவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு இது:

| பெற்றோர் நிலை | பிள்ளைக்கு ஸ்கிசோஃப்ரினியா | பிள்ளைக்கு பைபோலார் |
|---|---|---|
| இருவருக்கும் அந்த நோய் இல்லை | 0.9 | 0.5 |
| ஒருவருக்கு அந்த நோய் உண்டு | 7 | 4.4 |
| இருவருக்கும் அந்த நோய் உண்டு | 27 | 25 |

வேறு ஆய்வுகளில் ஒரு பெற்றோருக்கு நோய் இருந்தால் 10 சதவீதம் வரை சொல்கிறார்கள். அதாவது, பொது மக்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பது உண்மை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த நோய் வருவதில்லை என்பதும் உண்மை. ஆனால் பெரிய மனநோய்கள் என்று டிப்ரெஷனையும் சேர்த்து எண்ணினால் படம் மாறும். 2014-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கடுமையான மனநோய் உள்ள பெற்றோரின் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குப் பெரியவர்களாவதற்குள் இவற்றில் ஏதோ ஒன்று வந்திருந்தது. இதையும் தெரிந்துகொண்டுதான் முடிவெடுக்க வேண்டும்.

உங்களுக்கு நோய் இல்லை, அண்ணனுக்கோ சித்திக்கோ ஸ்கிசோஃப்ரினியா என்றால், உங்கள் பிள்ளைக்கான வாய்ப்பு 100-க்கு 2 முதல் 5 வரை. அந்த ஒரு காரணத்துக்காகக் குழந்தையே வேண்டாம் என்று முடிவு செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த எண்ணை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

நம் ஊரில் இன்னொரு விஷயம் உண்டு. அத்தை மகனையோ தாய்மாமனையோ கட்டியிருந்தால், ஒரே பாட்டியின் நோய் உங்கள் இருவர் பக்கமும் இருக்கலாம். அப்போது "ஒரு பக்கம்தானே" என்று கணக்குப் போட முடியாது. டாக்டரிடம் சொந்தத்தில் கல்யாணம் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

## வழி 1: சொந்தக் குழந்தை, திட்டமிட்டு

தாயாகப் போகிறவருக்கே நோய் என்றால், அவருக்கு இருக்கும் ஆபத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் வரும் சைக்கோசிஸ் (நிஜம் எது என்று தெரியாமல் மனம் தடுமாறும் நிலை), பொதுவாக 1,000 பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில் வரும். பைபோலார் உள்ள பெண்களுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. ஒரு முறை வந்தவர்களுக்கு அடுத்த பிரசவத்தில் திரும்ப வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும், வேகமாக முற்றும். இது அவசர சிகிச்சைக்குரிய நிலை. மந்திரிக்கவும் கயிறு கட்டவும் போய் நாளைக் கடத்தக் கூடாது.

அக்காவின் முதல் பிரசவத்தில் நடந்தது இதுதான். குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்ததும் ஒரு பெரியம்மா, "பால் கொடுக்கிறவளுக்கு நரம்பு மாத்திரை எதற்கு?" என்றார். மாத்திரை நின்றது. சில நாளில் அக்கா தூங்குவதை நிறுத்தினாள். ராத்திரி இரண்டு மணிக்கு பீரோவைக் காலி செய்து புடவைகளை நிறம் பார்த்து அடுக்கினாள். சுறுசுறுப்பாக இருக்கிறாள் என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். அப்புறம் ஒரு காலையில், இது என் குழந்தை இல்லை, ஆஸ்பத்திரியில் மாற்றிவிட்டார்கள் என்றாள்.

இரண்டாவது பிரசவத்துக்கு ஏழாம் மாதத்திலேயே திட்டம் எழுதினோம். ராத்திரி 10 முதல் 2 வரை அம்மா, 2 முதல் 6 வரை அத்தான். அந்த நேரத்தில் பவுடர் பால். அக்கா தனி அறையில் தூங்க வேண்டும். யாரும் எழுப்பக் கூடாது. தூக்கம் குறைந்தால், பேச்சு வேகமெடுத்தால், யாரையும் கேட்காமல் டாக்டருக்கு போன். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டினோம். அதில் அக்காவும் கையெழுத்துப் போட்டாள், ஏனென்றால் நோய் வந்தால் தனக்கு நோய் என்று அவளுக்குத் தெரியாது. தாய்ப்பால் முழுசாகக் கொடுக்கவில்லையே என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள், பேசிவிட்டுப் போனார்கள். அவள் அந்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். இங்கே இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு.

சோடியம் வால்ப்ரோயேட், பைபோலாருக்கு நம் ஊரில் மிகச் சாதாரணமாக எழுதப்படும் மருந்து. கருவில் அது பட்ட குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு உடலமைப்பில் பெரிய குறை வருகிறது. பத்தில் மூன்று, நான்கு பேருக்குப் பேச்சிலோ கற்றலிலோ பின்னடைவு வருகிறது. முதுகுத்தண்டு உருவாவது கர்ப்பத்தின் முதல் சில வாரங்களில், பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்றே தெரியாத நேரத்தில். அதனால் "தள்ளிப்போனதும் டாக்டரைப் பார்க்கலாம்" என்பது தாமதம். மாற்றுவதாக இருந்தால் கருத்தரிக்கும் முன்பே மாற்ற வேண்டும்.

மறுபக்கம், பயத்தில் எல்லாவற்றையும் நிறுத்துவது. பைபோலார் உள்ள கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த 2007-ம் ஆண்டு ஆய்வு ஒன்றில், மருந்தை நிறுத்தியவர்களில் 85 சதவீதத்துக்கும் மேல் கர்ப்ப காலத்திலேயே நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 37 சதவீதம். பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியம் குழந்தையின் இதயத்தைப் பாதிக்கும் என்று முன்பு பயந்த அளவுக்கு ஆபத்து இல்லை என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன; ஆனால் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. அளவைக் குறைப்பதா, ரத்தத்தில் எத்தனை முறை பார்ப்பது, எந்த ஸ்கேன் எப்போது என்பதெல்லாம் மனநல மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டியவை. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

யாரும் வெளியே சொல்லாத ஒரு செலவும் இதில் இருக்கிறது. ரிஸ்பெரிடோன் போன்ற சில மனநோய் மருந்துகள் ப்ரோலாக்டின் ஹார்மோனை ஏற்றிவிடும். மாதவிலக்கு நின்றுபோகும், கரு தங்காது. மாத்திரை சாப்பிடுவதை மறைத்துவிட்டு, குழந்தைப்பேறு மையத்தில் லட்சக்கணக்கில் செலவு செய்யும் தம்பதிகள் உண்டு. மருந்தை மாற்றினாலே சரியாகக்கூடிய விஷயமாக அது இருக்கலாம்.

நோய் அப்பாவுக்கு என்றால் பிரசவ ஆபத்து தாய்க்கு இல்லை. ஆனால் கைக்குழந்தையையும் கணவரையும் சேர்த்துப் பார்க்கும் பாரம் முழுக்க அந்தப் பெண் தலையில் விழும். அவளுக்கு யார் துணை என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

சட்டத்தில் ஒரு நல்ல பிரிவு உண்டு. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சிகிச்சையில் சேர்க்கப்பட்ட தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறும் பிரிவே இருக்கிறது.

நோய் சில காலமாகக் கட்டுக்குள் இருந்து, மருந்தைத் திட்டமிட்டு மாற்ற அவகாசம் இருந்து, ராத்திரி முறை பார்க்க குறைந்தது இரண்டு பேர் இருந்தால் இந்த வழி நல்ல வழி. இரண்டு பேர் இல்லை, ஆள் வைக்கவும் பணம் இல்லை என்றால் நான் தயங்குவேன்.

## வழி 2: ஒன்றோடு நிறுத்துவது

பலருக்கு இதுதான் நடுவழி. கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் வாய்ப்பு 10 சதவீதம் என்று வைத்தால், இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்காவது வரும் வாய்ப்பு தோராயமாக 19 சதவீதம், மூன்று என்றால் 27 சதவீதம். முதல் பிள்ளை நன்றாக இருக்கிறது என்பதால் இரண்டாவதற்கு ஆபத்து குறைந்துவிடாது. இந்த நோய்கள் பெரும்பாலும் பதின்பருவக் கடைசியிலிருந்து முப்பது வயதுக்குள்தான் தலைகாட்டும். ஐந்து வயதுப் பிள்ளையை வைத்து எதையும் சொல்ல முடியாது.

முதல் பிரசவத்தில் சைக்கோசிஸ் வந்தவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்வதில் முழு நியாயம் இருக்கிறது. அதற்காக யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இதன் விலை பிற்பாடுதான் தெரியும். நம் குடும்பங்களில் நோயுள்ள அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்ப்பது பிள்ளைகள். ஒற்றைப் பிள்ளை என்றால் மாத்திரை வாங்குவது, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, திடீரென்று வரும் போன்கள் எல்லாம் அவன் ஒருவனுக்கு. "என் தங்கச்சிகிட்ட சொல்லி அழுதேன்" என்று சொல்ல அவனுக்கு ஆள் இருக்காது. ஒன்றோடு நிறுத்துகிறவர்கள் சித்தி, மாமா, அவர்கள் பிள்ளைகள் என்று அந்தக் குழந்தையைச் சுற்றி ஆட்களைச் சேர்த்து வைக்க வேண்டும். பெற்றோரின் நோயை அதன் வயதுக்கேற்றபடி சொல்லியும் வைக்க வேண்டும்.

இரண்டாவது வேண்டும் என்றால் இடைவெளி விடுங்கள். மூத்தது ராத்திரி தொடர்ந்து தூங்கும் வயது வந்தபிறகு இரண்டாவது என்பது இந்தக் குடும்பங்களுக்கு உண்மையான பாதுகாப்பு.

## வழி 3: தானக் கருமுட்டை, தான விந்தணு, கரு பரிசோதனை

சிலர் கேட்கிறார்கள், டெஸ்ட் டியூப் முறையில் நோய் இல்லாத கருவைத் தேர்ந்தெடுக்க முடியாதா என்று. ஹன்டிங்டன் என்ற மூளை நோய் போல ஒரே மரபணுவால் வரும் நோயில் முடியும். அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு சரிபாதி, மரபணு இன்னதென்றும் தெரியும். ஸ்கிசோஃப்ரினியா அப்படி இல்லை. 2022-ல் வெளியான பெரிய ஆய்வில் மட்டும் அதோடு தொடர்புள்ள 287 மரபணு இடங்கள் கண்டறியப்பட்டன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது, அவற்றில் பல நம் எல்லோரிடமும் இருக்கின்றன. "மனநோய் இல்லாத கரு" என்று யாராவது பேக்கேஜ் சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு. குடும்பத்தில் மனநோயோடு பிறவி இதயக் கோளாறு, அண்ணப் பிளவு, கற்றல் குறைபாடும் சேர்ந்து இருந்தால், 22-வது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருக்கலாம். அதைப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியும். வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் மரபியல் பிரிவு இருக்கிறது.

தானம் என்று போனால், நோயுள்ள பக்கத்து வாய்ப்பு விலகுகிறது. தானம் செய்பவர் யார் என்று நம் நாட்டில் தெரியாது; அவருடைய சித்தப்பாவுக்கு என்ன நோய் என்றும் தெரியாது. தாய்க்கே நோய் என்றால், தானக் கருமுட்டையாலும் அவளுடைய பிரசவ ஆபத்தோ ராத்திரித் தூக்கமோ மாறாது. அதனால் இந்த வழி முக்கியமாக, நோய் அப்பா பக்கம் இருந்து, இருவருக்கும் மனம் ஒப்புகிற இடத்தில் பொருந்தும். மனம் ஒப்பாமல் ரகசியமாகச் செய்தால், "இது என் ரத்தம் இல்லை" என்ற சொல் ஒரு நாள் சண்டையில் வெளியே வரும்.

## வழி 4: தத்து

பிரசவ ஆபத்து இல்லை, மாத்திரையை மாற்ற வேண்டியதில்லை. கைக்குழந்தையாக இல்லாமல் மூன்று, நான்கு வயதுக் குழந்தையை எடுத்தால் ராத்திரித் தூக்கமும் பெரிதாகக் கெடாது. இதை யாரும் யோசிப்பதில்லை, ஆனால் பைபோலார் உள்ள தாய்க்கு இது பெரிய சாதகம்.

தத்து என்பது மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காராவின் இணையதளத்தில் பதிவு செய்து, சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து நடப்பது. காத்திருப்பு மூன்று ஆண்டுகளைத் தாண்டுவது சகஜம். தத்தெடுப்பவர் உடலாலும் மனதாலும் தகுதியாக இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. மருத்துவச் சான்று கேட்பார்கள். இந்த இடத்தில் நோயை மறைத்துவிடலாம் என்ற எண்ணம் வரும். மறைக்காதீர்கள். கட்டுக்குள் இருக்கிறது, வேலைக்குப் போகிறார், துணைக்கு இன்னார் இருக்கிறார்கள் என்று உங்கள் மனநல மருத்துவரிடம் விரிவான கடிதம் வாங்கிக் கொடுங்கள். சில நேரம் நிராகரிக்கப்படலாம். அந்த வலிக்கும் தயாராக இருக்க வேண்டும்.

வளர்ப்பின் பங்கு எவ்வளவு என்பதற்கும் தத்துப் பிள்ளைகளே சாட்சி. பின்லாந்தில், ஸ்கிசோஃப்ரினியா உள்ள தாய்மாருக்குப் பிறந்து வேறு வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். சச்சரவு மிகுந்த வீடுகளில் வளர்ந்தவர்களிடம் நோய் அதிகமாகவும், நல்ல சூழலில் வளர்ந்தவர்களிடம் மிகக் குறைவாகவும் இருந்தது. சொந்தப் பிள்ளை பெறுகிறவர்களுக்கும் இது முக்கியமான செய்தி.

## வழி 5: குழந்தை வேண்டாம்

இதுவும் நிறைவான முடிவாக இருக்க முடியும், இருவரும் தெளிந்த மனதோடு எடுத்திருந்தால். டிப்ரெஷனில் இருக்கும்போது "என்னைப் போல ஒரு உயிர் வேண்டாம்" என்று தோன்றும். அது நோய் பேசுவது. அந்த நேரத்தில் நிரந்தரக் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொள்ள வேண்டாம். மேனியாவில், அதாவது பைபோலாரின் அளவுமீறிய உற்சாக நிலையில், இருக்கும்போது "மூன்று பிள்ளை பெறலாம்" என்று தோன்றுவதும் அப்படித்தான். இரண்டு நிலையும் அடங்கிய பிறகு பேசுங்கள், சில மாதம் விட்டு மறுபடி பேசுங்கள். அதுவரை தற்காலிகக் கருத்தடை போதும்.

விலை என்று பார்த்தால், ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் "விசேஷம் ஏதும் இல்லையா?" என்ற கேள்வி இருக்கிறது. அதைவிடப் பெரியது முதுமை. அறுபது வயதில் நோய் திரும்பினால் யார் கவனிப்பது, பணத்தை யார் நிர்வகிப்பது என்பதை நாற்பதிலேயே எழுதி வைக்க வேண்டும்.

இந்த முடிவை உங்களுக்காக வேறு யாரும் எடுக்கக் கூடாது. மனநோய்க்குச் சிகிச்சை என்ற பெயரில் கருத்தடை அறுவை செய்வதை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. "இந்த வம்சம் இதோடு நிற்கட்டும்" என்று பேசும் சொந்தக்காரர்களுக்கு வரலாற்றில் பதில் இருக்கிறது. நாஜி ஜெர்மனி 1933-ல் சட்டம் போட்டு, மனநோயாளிகள் உட்பட சுமார் 4 லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தது. பிறகு கொல்லவும் செய்தது. அந்த நாட்டில் ஸ்கிசோஃப்ரினியா இருந்தவர்களில் பெரும்பாலோர் இப்படி அழிக்கப்பட்டார்கள் அல்லது மலடாக்கப்பட்டார்கள். போருக்குப் பிறகு புதிதாக அந்த நோய் வந்தவர்களின் எண்ணிக்கை குறையவே இல்லை. இன்றைக்கும் ஸ்வீடன் பதிவுகளில் ஸ்கிசோஃப்ரினியா உள்ள ஆண்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் மற்ற ஆண்களுக்குப் பிறப்பதில் நான்கில் ஒரு பங்கு கூட இல்லை. அப்படியும் நோய் தொடர்கிறது. ஒரு குடும்பத்தை நிறுத்தி இதை ஒழிக்க முடியாது.

## டாக்டரிடம் போகும் முன்

தம்பதியாகப் போங்கள். சாப்பிடும் மருந்துகளின் சீட்டு, கடைசியாக நோய் தீவிரமானது எப்போது, அப்போது என்ன நடந்தது, இரண்டு குடும்பத்திலும் மூன்று தலைமுறையில் யாருக்கு என்ன இருந்தது என்று எழுதி எடுத்துப் போங்கள். தற்கொலை, "சாமி வந்தது", "வீட்டை விட்டுப் போய்விட்டார்", "குடித்தே செத்தார்" என்று சொல்லப்பட்ட கதைகளையும் சேர்த்து எழுதுங்கள். சாதாரண ஓபியில் பத்து நிமிடம் போதாது. குழந்தை விஷயமாகப் பேச வேண்டும் என்று சொல்லித் தனி நேரம் கேளுங்கள். சென்னையில் 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு போன்ற இடங்களில் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவார்கள். அருகில் யாரும் இல்லையென்றால் 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே கேட்கலாம், கட்டணம் இல்லை.

பிள்ளை பிறந்துவிட்டால் அதற்கும் ஒரு குறிப்பு உண்டு: பதின்பருவத்தில் கஞ்சா பக்கம் போகாமல் பார்ப்பது. மரபு வாய்ப்பு உள்ள பிள்ளைகளுக்கு அது மற்றவர்களைவிட ஆபத்தானது. ஏன் கூடாது என்று காரணத்தைச் சொல்லிப் பேசுங்கள். அதற்கு, வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பது அந்தப் பிள்ளைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.